ஓட்டு வீட்டுக்காரியின் பதில்

உக்காரு ஆஷா, காபி எடு. சுஜி கவிதைக்கு நான் பதில் எழுதணுமா? நம்ம சர்ச் மாசப் பத்திரிகைக்கு வேற ஆளே கிடைக்கலையா உனக்கு?

எல்லாரும் அழுதாங்கன்னு தெரியும்டி. நானும் ரெண்டாவது வரிசையிலதான உக்காந்திருந்தேன். மாடி வீடு இருக்கு, காரு இருக்கு, நிம்மதி இல்ல, ஓட்டு வீட்டுக்காரியே என்னப் பாத்துப் பொறாமப்படாதேன்னு மைக்ல வாசிக்கிறா. முடிச்சூர்ல அவ காம்பவுண்ட ஒட்டி ஓட்டு வீடு என்னோடது ஒண்ணுதான். மொத்த சபையும் திரும்பி என் மூஞ்சியப் பாக்குது.

ஆமா, பொறாமதான். ரெண்டாயிரத்துப் பதினஞ்சு வெள்ளத்துல அந்த மாடிய அண்ணாந்து பாத்து வயிறெரிஞ்சேன். எங்க வீட்டுல கழுத்தளவு தண்ணி. மேல ஏறிக்கட்டுமான்னு கேட்டா, புது டைல்ஸ் அக்கா, சேறாயிடும், கார் ஷெட்ல நின்னுக்கோங்கங்கிறா. அங்க மேடுன்னாலும் முழங்கால் தண்ணி, அதுவும் சாக்கடத் தண்ணி. இவருக்கு சக்கரை, கால்ல புண்ணு வேற. போட் வர்ற வரைக்கும் ஒரு பகல் பூரா நின்னாரு. அவ பையன் ஆரோன் மட்டும் அம்மாவுக்குத் தெரியாம மேலேர்ந்து பிஸ்கட் பாக்கெட் போட்டான். மூணாவது வாரம் இவருக்கு முட்டிக்குக் கீழ கால எடுத்துட்டாங்க.

மன்னிக்கிறதா? சர்ச்ல கர்த்தர் ஜெபம் சொல்றப்ப, நாங்கள் மன்னிக்கிறதுபோலன்னு அந்த வரி வந்தா நான் வாய மூடிக்குவேன். நீ கவனிச்சதில்லயா?

ஆங், அந்தக் கடைசி வரியா. அந்தப் பொண்ணு சத்யபிரியாவக் கட்டிக்கிட்டான்னு அவளே தொரத்திவிட்ட புள்ள எங்க இருக்கானோ, வர மாட்டானான்னு வாசல் கேட்டையே பாக்குறேன்னு. அது மட்டும் நெசம். இந்த ஜன்னல்ல நின்னா தெரியும், ஞாயித்துக்கிழமையானா அங்கயேதான் நிப்பா.

இரு, போன் அடிக்குது. கரெக்டா இந்த டைமுக்கு அடிக்கும்.

ஹலோ, சொல்லுப்பா ஆரோன். குழந்தைக்கு சளி விட்டுச்சா? ம். அம்மாவா? அப்படியேதான் இருக்காங்கப்பா, உன் பேர எடுத்தாலே எரிஞ்சு விழறாங்க. கிறிஸ்மஸுக்கா? வேணாம்ப்பா, இப்ப வராத. மனசு மாறினா அத்தை சொல்ல மாட்டேனா? வெக்கிறேன்.

என்னடி அப்படிப் பாக்குற? கூடுவாஞ்சேரியிலதான் இருக்கான். மூணு வருஷமா வாரா வாரம் கேக்குறான், நானும் இதேதான் சொல்றேன்.

எங்க எந்திரிக்கிற? அவ வீட்டுக்கா? போ, போய்ச் சொல்லு. செருப்ப மட்டும் வெளியவே விட்டுட்டுப் போ. டைல்ஸ் அழுக்காயிடும்.