செவப்பு பாஸ் ஆகலீங்க

"மூணு கேமராலயும் செவப்பு பாஸ் ஆகலீங்க."

மங்கலம் பேருந்தில் என் முன் இருக்கையில் இருந்த பெரியவர் சொன்னார். சாயப்பட்டறை மாஸ்டர் என்பது நகக்கண்ணில் ஏறியிருந்த சாயத்திலேயே தெரிந்தது. பக்கத்தில் இருந்தவர் சிரித்தார்.

"கேமராவுல என்னங்க பாஸு?"

"பையன் கல்யாண வீடியோ எடுக்கற தொழில் ஆரம்பிக்கறானுங்க. எந்தக் கம்பெனி கேமரா நல்லாருக்கும்னு பாக்கக் கடைக்குக் கூட்டிட்டுப் போனான். நான் பட்டறையில ஷேடு பாக்கற மாதிரியே ஒரு செவப்புத் துணியக் கொண்டுபோய், படத்தையும் துணியையும் பக்கத்துல வெச்சுப் பாத்தனுங்க. மூணும் துணியோட சேராத வேற செவப்பு."

"தம்பி என்ன சொல்லுச்சுங்க?"

"மூணாவது அப்படியே துணி மாதிரி இருக்குதுன்னு அதையே வாங்கிட்டான். கடைக்காரரும் அதேதான் சொன்னாருங்க. அங்க நின்ன எல்லாருந்தான்."

சிரித்தவர் பெரியவர் பக்கம் திரும்பினார்.

"அப்ப, போன மாசம் ஷேடு மாறிப்போச்சுன்னு திரும்பி வந்த நம்ம பட்டறைத் துணி..."

"நான் பாஸ் பண்ணுனதுதானுங்க."

பெரியவர் சிவப்புத் துணியை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"கண்ணு இப்படின்னு ஊட்டுல இன்னும் சொல்லலீங்க. நாளைக்குக் காலையில பட்டறையில ஒரு செவப்புத் துணி லாட்டு பாக்கோணும்."