போன் போட்ட ஆளுக்கு நன்றி

உர்சுலா: மெதுவாச் சொல்லுங்க. தேக்கா மார்க்கெட்டே நம்ம மேசையத் திரும்பிப் பார்க்குது.

லாசரஸ்: "குட் மார்னிங் ஆல். தேங்க்யூ டு தி பெர்சன் ஹூ..." இங்கதான் மாட்டிக்கிறேன். ஹூ என்ன பண்ண பெர்சன்?

உர்சுலா: மூணு மாசம் கழிச்சு நாளைக்குத்தான் துவாஸ் யார்டுக்கு வேலைக்குப் போறீங்க. முதல் நாளே பேச்சு எதுக்கு?

லாசரஸ்: காலையில வேலைக்கு முன்னாடி எல்லாரையும் நிக்க வச்சுப் பேசுவாங்கல்ல, அங்கதான். மேனேஜர் ரெண்டு வார்த்தை சொல்லச் சொன்னாரு. கை மரத்துப் போறத மறைச்சுக்கிட்டு கிரேன் ஓட்டினேன். யாரோ சேஃப்டி ஆபீசுக்கு போன் போட்டதாலதான என்னக் கீழ இறக்கி டாக்டர்கிட்ட அனுப்பினாங்க? இல்லன்னா மண்டையில ரத்தம் கட்டியிருந்தது யாருக்குத் தெரியும்?

உர்சுலா: தேத்தண்ணி ஆறுது, குடிங்க.

லாசரஸ்: "ரிப்போர்ட்"னு சொல்லவா?

உர்சுலா: போலீசுக்குப் போன மாதிரி இருக்கு.

லாசரஸ்: "டோல்ட் ஆன் மீ"?

உர்சுலா: அது பிள்ளைங்க டீச்சர்கிட்ட போட்டுக் கொடுக்குறது. நம்ம பொண்ணு டானியலா சின்னதுல அதுல கெட்டிக்காரி.

லாசரஸ்: அப்ப "இன்ஃபார்ம்".

உர்சுலா: ம்... அது பரவால்ல.

லாசரஸ்: என்ன பரவால்ல? எம்ஆர்டி ரயில்ல கேட்க ஆளில்லாம பை கிடந்தா இன்ஃபார்ம் பண்ணுங்கறான். நான் என்ன பையா?

உர்சுலா: வார்டுல அப்படித்தான் கிடந்தீங்க.

லாசரஸ்: டானியலாவுக்கு வேலை இல்லன்னு மெயில் வந்துச்சே, அதுலயும் "ரிக்ரெட் டு இன்ஃபார்ம்"னுதான் இருந்துச்சு. நல்ல சேதிக்கு அந்த வார்த்தைய எவனும் எடுக்கிறதே இல்ல.

உர்சுலா: ஏன்? அவளுக்குக் காய்ச்சல் வந்தப்பல்லாம் ஸ்கூல்லேருந்து இன்ஃபார்ம் பண்ணாங்கல்ல? அது அக்கறையிலதான...

லாசரஸ்: சரி, நம்ம கல்யாணத்துக்கு ஓலை வாசிச்சப்ப ஃபாதர் என்ன சொன்னாரு?

உர்சுலா: மூணு ஞாயித்துக்கிழமை பூசையில நம்ம பேர வாசிச்சாரு. இந்தக் கல்யாணத்துக்குத் தடை இருக்குன்னு யாருக்காச்சும் தெரிஞ்சா பங்குச் சாமியார்கிட்ட சொல்லியாகணும்னாரு. இங்கிலீஷ் பூசையில அதுக்கும் "இன்ஃபார்ம்"தான்.

லாசரஸ்: ஒருத்தனும் சொல்லல. சொல்லியிருந்தா தப்பிச்சிருப்பேன் லா.

உர்சுலா: நானுந்தான்... ஆனா ஒண்ணு. தெரிஞ்சும் வாய மூடிக்கிட்டு இருந்தா பாவம்னு அப்ப மனசுல பட்டுச்சு. இப்பவும் அப்படித்தான்.

லாசரஸ்: எதச் சொல்ற?

உர்சுலா: பொதுவாச் சொன்னேன்.

லாசரஸ்: ம். சேக் தாவூதுதான் போன் போட்டிருப்பான். கிரேனுக்கு அடியில நின்னு சரக்கக் கட்டுறவன் அவன்தான.

உர்சுலா: தாவூது இல்ல அது.

லாசரஸ்: ஓ... உனக்கு எப்படித் தெரியும்?

உர்சுலா: இல்ல... அவரா இருந்தா உங்க மூஞ்சிக்கு நேராவே சொல்லியிருப்பாரு. பாவம் அந்த மனுஷன், ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே அவருக்கு போன் போட்டு என்னமாத் திட்டினீங்க. "எவன் போட்டுக் கொடுத்தானோ அவன் வீட்டு வாசப்படிய இந்த ஜென்மத்துல மிதிக்க மாட்டேன்"னு...

லாசரஸ்: சொன்னேன்.

உர்சுலா: அந்தக் கோவம் இன்னும் இருக்கா? இனிமே கிரேன்ல ஏத்த மாட்டாங்க. கீழ நின்னுதான வேலை...

லாசரஸ்: கிரேன் போச்சு. கை இருக்கு. தாவூது உசுரோட இருக்கான். அன்னிக்கு என்ன இறக்காம விட்டிருந்தா ரெண்டு டன் இரும்பு அவன் தலைக்கு மேல தொங்கியிருக்கும், புடிக்க என் கை இருந்திருக்காது. கோவம் எங்கேருந்து வரும்? கும்பிடணும் போல இருக்கு. ஏன் மூக்க உறிஞ்சுற?

உர்சுலா: காரம்.

லாசரஸ்: உன் தட்டுல இருக்குறது அப்பமும் தேங்காய்ப்பூவும் சீனியும்.

உர்சுலா: சும்மா இருங்க... அந்த ஆளு யாருன்னு தெரிஞ்சா என்ன செய்வீங்க?

லாசரஸ்: அன்னிக்கு கம்பெனி டாக்டர் எடுத்த எடுப்புல என்ன கேட்டாரு தெரியுமா? "சட்டைக்குப் பட்டன் போட முடியலையாமே?" போன்ல அப்படிச் சொன்னாங்களாம். இருந்த கோவத்துல எனக்கு ஏறல. ஆபரேஷன் முடிஞ்சு மேல காத்தாடியப் பார்த்துக்கிட்டுப் படுத்திருந்தப்பதான் யோசிச்சேன்.

உர்சுலா: அதுல யோசிக்க என்ன இருக்கு?

லாசரஸ்: யார்டுல நாங்க போடுறது ஜிப் வச்ச உடுப்பு, உர்சுலா. எனக்குப் பட்டன் ஞாயித்துக்கிழமை பூசைக்கு மட்டும்தான். அதையும் அப்ப நீதான் போட்டு விட்ட. தாவூது வார்டுக்கு வந்தப்பவே அவன்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டேன். மிதிக்க மாட்டேன்னு சொன்ன வாசப்படியத்தான் தினமும் மிதிச்சுக்கிட்டு இருக்கேன். நீயாச் சொல்லுவேன்னு பார்த்தேன், வாயத் தொறக்கல. நாளைக்கு யார்டுல "யாரோ"ன்னு சொல்லிக்கிறேன், உன் பேரு வெளிய வராது. உன்கிட்ட தமிழ்லயே சொல்லிடறேன்... ரொம்ப நன்றிம்மா.