தபசுக்கு விட்டது

— ஏட்டி ஜெஸ்னா, அந்தக் கத்திரிய மொதல்ல கீழ வையி. கையில ரத்தம் வருது.

— எங்க?

— எங்கன்னா கேக்க? பெருவிரல்ல. தேயிலைக் கொழுந்தெல்லாம் செவப்பாயிருக்கு பாரு. இங்க காட்டு. வலிக்கலையா?

— இல்ல மைனி.

— நல்ல கூத்து. ஏழு மாசப் புள்ளத்தாச்சி வெயில்ல நின்னு கொழுந்து வெட்டுதா. வினோ ஒண்ணும் சொல்லலையா?

— அவரு ஜீப்பெடுத்துட்டு மூணாறுக்குப் போயிட்டாரு.

— என் தம்பிதான, அவன் என்னைக்கு வாயத் தொறந்தான்! சரி, இந்தக் கல்லுல உக்காரு. முந்தாநேத்து டிஸ்பென்சரிக்கு வரச் சொன்னேன்லா? எட்டு லயத்து வீட்டுக் கர்ப்பிணியும் வந்தாச்சு, கூப்பிடப் போன ஆஷா ஒர்க்கரோட சொந்தத் தம்பி பொண்டாட்டி மட்டும் வரல. என் மானமே போச்சு.

— வந்து என்ன செய்ய?

— என்ன செய்யவா! எடை பாக்கணும், புள்ளையோட துடிப்பு பாக்கணும். அது கெடக்கட்டும். காலைல உன் வீட்டுக்குப் போனேன். அலமாரில மனசுக்குத் திங்குற மாத்திரை மூணு அட்டை கெடக்கு. ஒண்ணுகூட பிரிக்கல.

— தபசுக்கு விட்டுட்டேன்.

— என்னது?

— சாம்பல் புதன் அன்னைக்குப் பூசையில சாமியார் சொன்னாருல்லா, இந்தத் தபசு நாப்பது நாளும் எது இல்லாம உனக்கு முடியாதோ அத விடுன்னு. அத்தை மீன விட்டாங்க. அவரு பீடிய விட்டாரு. எனக்கு அந்த மாத்திரை இல்லாமத்தான் முடியாது.

— அடி பைத்தியக்காரி! பீடியும் மாத்திரையும் ஒண்ணா? தபசு பாதி தாண்டியாச்சே. இத்தன நாளாவா திங்கல?

— புள்ளைக்காக நேந்துக்கிட்டேன். நீதான மைனி அனுப்புன.

— நான் என்னத்த அனுப்புனேன்?

— வாட்ஸப் வாய்ஸ். கர்ப்பிணி குரூப்புல. மனசு மாத்திரை தின்னா வயித்துப் புள்ளையோட ரத்தக்குழாய் கெட்டுப்போகும்னு ஒரு பொம்பள பேசுனா.

— ஐயோ, அது அப்படி இல்லட்டி. பாதிக்கலாம், இன்னும் ஆராய்ச்சி நடந்துட்டிருக்குன்னுதான் சொன்னா. டாக்டரக் கேக்காம யாரும் நிறுத்தக் கூடாதுன்னு கடைசில எவ்வளவு அழுத்திச் சொன்னா!

— கடைசி வரைக்கும் கேக்கல. ரத்தக்குழாய்னதும் அமத்திட்டேன்.

— என்னைய அடிக்கணும். மீட்டிங்ல குடுத்தாங்கன்னு எல்லாருக்கும் தட்டிவிட்டேன். உன் நெனப்பே வரல. உன்னத் தனியாக் கூப்பிட்டு ஒரு வார்த்த சொல்லியிருக்கணும்.

— சாரமில்ல மைனி, விடு.

— சாரம் உண்டு! மொத புள்ள அஞ்சாம் மாசம் கலைஞ்சப்போ நீ கெடந்த கெடப்பு மறந்துபோச்சா? நாலு மாசம் செவத்தையே பாத்துக் கெடந்த. ஒருநா மாட்டுப்பட்டி அணைக்கட்டுப் பக்கம் தனியா நடந்து போனவள, நான்தான கையப் புடிச்சு இழுத்துட்டு வந்தேன்? அந்த மாத்திரைதான உன்ன எந்திரிச்சு உக்கார வச்சுது? இந்தப் புள்ள உண்டானப்போ டாக்டரம்மா என்ன சொன்னாங்க, சொல்லு.

— தாயி மனசொடிஞ்சு விழுந்தா புள்ளைக்கும் கேடுன்னாங்க. மாத்திரையக் கொறைக்கணும்னா நானே பாத்துக் கொறைப்பேன், நீயா நிறுத்தாதன்னாங்க.

— எல்லாம் நெனப்பிருக்குல்லா? அப்போ எந்திரி. இன்னைக்கே அவங்கள்ட்டப் போவோம். நான் கூட வாரேன்.

— இனிமே எதுக்கு மைனி?

— இனிமே எதுக்காம்! இன்னும் ரெண்டு மாசம் இருக்குட்டி. நான் தச்சுத் தந்த குட்டித் துணியெல்லாம்கூட அலமாரில காணோம். எங்க வச்ச?

— ராமலட்சுமிக்குக் குடுத்துட்டேன். அவளுக்கு அடுத்த வாரம் பேறு நாளு.

— எல்லாத்தையுமா?

— ஆமா.

— மஞ்சத் தொப்பியையுமா? அத ராவெல்லாம் கண்ணு முழிச்சுப் பின்னுனேனே! இருக்கட்டும், தொப்பி போனாப் போகுது. நீ ஏன் இப்படி இருக்க? கைய அறுத்தாலும் தெரியல. நான் கத்துனாலும் ஒறைக்கல. எனக்குப் பயமா இருக்குட்டி. அழுதாவது தொலையேன்.

— அழுக வரமாட்டேங்கு.

— சரி, இந்தா, தண்ணி குடி. என் மேல சாஞ்சுக்க. வயித்துல கைய வைக்கேன், குளிரும், பயப்படாத. அம்மாடியோ!

— என்ன?

— உதைக்குதுட்டி! இந்தா, எடப்பக்கம். என்னா தள்ளு தள்ளுது! இந்தா மறுபடியும். தெரியுதா?

— எங்க?

— ஏட்டி... என்னட்டி எங்கன்னு கேக்க? உன் வயிறுதான? கையக் குடு. இங்க வையி. நல்லா அழுத்தி வையி. இப்போ?

— மைனி... பத்து நாளா ஒரு அசைவும் தெரியாம, இது செத்துப்போச்சுன்னுல்லா நெனச்சுக்கிட்டு நான் வேலைக்கு வந்துட்டிருக்கேன்.