மேடம் கிழிக்காமல் விட்டுப்போன ஏழு தாள்கள்

மேடையில் இருக்கும் வக்கீல் சங்கத் தலைவர் அவர்களே, மறைந்த எங்கள் மேடத்துக்கு எதிர்த்தரப்பாக, ஆனால் அதே மேசையில் உட்கார்ந்து வேலை பார்த்த மூத்த வக்கீல் ஐயா அவர்களே, மேடத்தின் மகளே, நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் அத்தனை பேருக்கும் என் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் நிறையப் படித்தவர்கள். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். மேடத்தின் அலுவலகத்தில் கதவு திறப்பதும் தண்ணீர் வைப்பதும் தாள் கிழிப்பதும் என் வேலை. எழுதி வந்ததைப் படிக்கிறேன். குரல் எட்டவில்லை என்றால் கையைத் தூக்குங்கள்.

தாள் கிழிப்பது ஒரு வேலையா என்று கேட்பீர்கள். எங்கள் அலுவலகத்தில் அதுதான் வேலை!

பிரிந்துபோவது என்று முடிவு செய்த கணவனும் மனைவியும் எங்களிடம் வருவார்கள். ஆளுக்கு ஒரு வக்கீல். நான்கு பேரும் வட்ட மேசையில் உட்காருவார்கள். முதல் நாளே ஒரு தாளில் நால்வரும் கையெழுத்துப் போடுவார்கள். சண்டை போட யாரும் கோர்ட்டுக்குப் போகக் கூடாது. ஒருவர் போனாலும் இரண்டு வக்கீலும் கேஸை விட்டு எழுந்துவிட வேண்டும். வேறு வக்கீல் பிடித்து எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். பேசி ஒத்துக்கொண்டதை மட்டும் கடைசியில் கோர்ட்டில் கொடுத்து முத்திரை வாங்குவார்கள்.

இன்னொன்றும் அந்தத் தாளில் இருக்கிறது. அறைக்குள் பேசியது அறையைத் தாண்டக் கூடாது. அவர்கள் பேசப் பேச மேடம் மஞ்சள் தாளில் குறிப்பு எழுதுவார். பேச்சு முடிந்ததும் என்னிடம் நீட்டுவார். நான் தாள் கிழிக்கும் மெஷினில் விடுவேன். "அவங்க படி இறங்குறதுக்குள்ள சத்தம் கேக்கணும். அப்பதான் அடுத்த தடவை வாயைத் திறப்பாங்க" என்பார்.

கோர்ட் வாசலில் மற்ற வக்கீல்கள் கிண்டல் செய்வார்கள். "என்ன வட்டமேசை மேடம், இன்னிக்கு யாரைச் சேத்து வெச்சீங்க?"

"சேத்து வைக்கலீங்க சார், பிரிச்சுதான் வைக்கிறேன். ஆனா கிழியாம பிரிக்கிறேன்."

அந்தக் கிழியாமல் என்ற சொல்லுக்குப் பின்னால் என்ன இருக்கிறது? எனக்குத் தெரியும். அது என் வீட்டுக் கதை. அதனால் நான் சொல்லலாம்.

என் அப்பா அம்மா கேஸ் ஐந்து வருடம் நடந்தது. வாய்தா நாளெல்லாம் பள்ளிக்கூடம் போச்சு. அப்புறம் பள்ளிக்கூடமே போச்சு. அப்பாவின் வக்கீல் ஒருநாள் எழுந்து, என் அம்மா எப்போதோ மனம் நொந்து எழுதிய ஒரு கடிதத்தை எல்லோர் முன்னாலும் வாசித்தார். 'இந்தப் பொண்ணு பொறக்காம இருந்திருந்தா நான் நிம்மதியா இருந்திருப்பேன்.' நான் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன். கதவு சரியாகச் சாத்தவில்லை. அதற்குப் பிறகு அம்மா என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. நானும்தான்.

வாசித்த வக்கீல் யார் தெரியுமா? நம் மேடம்தான்.

ஆமாம். அப்போதெல்லாம் அவரை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. பிறகு அவர் அலுவலகத்துக்குக் கீழே ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். ஒருநாள் வந்தார். உற்றுப் பார்த்தார்.

"நீ... அந்தக் கேஸுப் பொண்ணுதானே?"

"ஆமா மேடம். எத்தனை காப்பி?"

காப்பியை எடுத்துக்கொண்டு போகவில்லை. கடையிலேயே நின்றார். "அந்த லெட்டரைப் படிச்ச அன்னிக்கு நாங்க ஜெயிச்சோம். கதவுகிட்ட உன்னையும் பார்த்தேன். அதுக்கப்புறம் நான் எந்த லெட்டரையும் கோர்ட்ல படிக்கலை." மன்னிப்புக் கேட்கவில்லை. மறுநாள் வந்து, தாள் கிழிக்கும் மெஷின் வாங்கியிருப்பதாகவும் அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றும் சொன்னார். போனேன்.

இனி சொல்லப்போவதுதான் எனக்குக் கஷ்டமானது.

மேடத்தின் கடைசி நாளில் ஒரு தம்பதி வந்திருந்தார்கள். உள்ளே என்ன பேசினார்கள் என்று சொல்ல மாட்டேன். வெளியே அவர்களுடைய எட்டு வயதுப் பெண் என்னோடு உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, உள்ள யாரு ஜெயிக்கிறாங்க?"

"அங்க ஜெயிக்கிறதுக்கு ஒண்ணும் இல்லடா."

"அப்ப எதுக்கு மூணு மணி நேரம்?"

நான் சிரித்து முடிப்பதற்குள் உள்ளே மேடத்தின் நாற்காலி விழுந்தது. ஆம்புலன்ஸ் வந்தது. எல்லோரும் ஓடினோம். அந்த இருவரும் ஆளுக்கொரு பக்கமாகப் படி இறங்கினார்கள். அன்று மெஷின் சத்தம் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் அந்த இருவரில் ஒருவருடைய அண்ணன் வந்தார். "பாப்பா, மேடம் எழுதுன பேப்பர் எங்க இருக்கு? சும்மா பார்த்துட்டுத் தரேன்." மறுநாள் மற்றவருடைய சித்தி வந்தார். "உனக்கு எதுக்கும்மா இந்தப் பொல்லாப்பு? எங்கிட்ட குடுத்துடு." இரண்டு பேரிடமும் தெரியாது என்றேன். பிறகு போன் வரும், எடுத்தால் பேச்சு இருக்காது. போன வாரம் அலமாரிப் பூட்டைச் சுற்றிப் புதிதாகக் கீறல் இருந்தது. மேடத்தின் நாற்காலி இடம் மாறியிருந்தது.

அந்தத் தாள்கள் எதிராளியிடம் இருக்கின்றன என்று இருவருமே நினைத்துவிட்டார்கள். நமக்கு முன்னால் அவர்கள் கோர்ட்டில் வாசித்துவிட்டால்? அதனால் இருவரும் புது வக்கீல் பார்த்துவிட்டார்கள். திங்கட்கிழமை மனு. மனு போட்டுவிட்டால் மூத்த வக்கீல் ஐயாவும் எழுந்துவிட வேண்டும். பிறகு அந்தப் பெண்ணும் ஏதோ ஒரு கதவுக்கு வெளியே நிற்பாள். அந்தக் கதவையாவது யாராவது சரியாகச் சாத்துவார்களா?

தப்பு அவர்களுடையது இல்லை. என்னுடையது. தாள்கள் என்னிடம்தான் இருந்தன.

ஏன் கிழிக்கவில்லை? அது மேடத்தின் கடைசிக் கையெழுத்து. ஏழாவது தாளில் ஒரு வார்த்தை பாதியில் நின்று, பேனா கீழே வரைக்கும் கோடு இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. அந்தக் கோட்டை மட்டும்தான் பார்த்தேன். வேறு எதையும் படிக்கவில்லை. மெஷினில் விடக் கை வரவில்லை. ஒரு பொருளை ஆசையாக எடுத்துவைத்தேன். அது ஒரு வீட்டின் தலைக்கு மேல் கத்தியாகத் தொங்குகிறது.

அந்த இருவரும் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். எங்கே என்று நான் நிமிர்ந்து பார்க்க மாட்டேன். ஒருவர் கையில் கோர்ட்டுக்குப் போகும் பழுப்பு உறை இருக்கிறது. அதையும் நான் பார்க்கவில்லை.

மேசைக்கு அடியில் துணி போட்டு மூடியிருப்பது ஒலிபெருக்கிப் பெட்டி இல்லை. நம் மெஷின். இதோ, தாள்கள். எண்ணிக்கொள்ளுங்கள் ஐயா, ஏழு. மேடத்தின் மகளிடம் காலையிலேயே கேட்டுவிட்டேன். அம்மாவின் எழுத்தைக் கடைசியாக ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு, "போடு" என்றார். பேசி முடித்ததும் போடுகிறேன்.

மேடம் அவர்களே! உங்கள் நாற்காலியில் உட்கார உங்கள் ஜூனியர் சம்மதித்திருக்கிறார். மேசையைத் துடைத்து வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை கோர்ட் திறக்கும் அதே பத்து மணிக்கு நம் அறையும் திறந்திருக்கும். யார் வருவார்கள், எத்தனை நாற்காலி நிறையும், எனக்குத் தெரியாது. எந்தக் கதவு முதலில் தட்டப்படும் என்றும் தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இனி எந்தத் தாளும் என் கையில் ஒரு நாள்கூடத் தங்காது. இது உங்கள் படத்தின் முன்னால் நான் கொடுக்கும் வாக்கு.

எழுந்து போக நினைப்பவர்கள் இப்போது போகலாம். மெதுவாகப் படி இறங்குங்கள்.

சத்தம் அங்கே வரைக்கும் கேட்கும்.