நின்னவன் மேல தப்பே இல்லியா சார்?

அத்தத்தான் சார் நானும் கேக்குறேன்... வண்டிய பின்னாடி எடுத்தவன் மேலதான் தப்பு, பின்னாடி எடுத்தவன் மேலதான் தப்புன்னு தெருவே கிளிப்புள்ள மாரி சொல்லுதே, அப்ப பின்னாடி வந்து நின்னவன் மேல தப்பே இல்லியா? அவன் இன்னா, நட்டு வச்ச மைல்கல்லா? நீங்க இன்சூரன்சு ஆளு, நாலும் தெரிஞ்சவரு, நீங்களே சொல்லுங்க. இல்ல இல்ல, போட்டோ எடுங்க. எடுத்துக்கினே கேளுங்க. காது சும்மாதான கீது.

எங்க வூட்டுக்காரு கோதண்டம் மீச மொளச்ச நாள்லருந்து ஸ்டீரிங் புடிக்கிற ஆளு. ஒரகடம் ரோட்ல கன்டெய்னர் லாரி ரெண்டுக்கு நடுவுல பூந்து வந்தாலும் ஒரு கோடு வுழாது. இந்த காரு எங்களுது இல்ல சார், டிராவல்ஸ் ஓனரு தசரதனோடது. கம்பெனி ஆபீசருங்கள ஷிப்டுக்கு ஏத்தி எறக்குற டூட்டி. அந்த மனுசன் நேத்தே போன் போட்டு, "கோதண்டம், உனுக்கு கண்ணு போயிடுச்சி. இன்சூரன்சு சர்வேயரு வந்து தப்பு உன் மேலன்னு சொன்னார்னா சாவிய வச்சிட்டு கெளம்பு"ன்னுட்டான். ஒத்த இடிக்கு! வேற எவன் சார் இந்த வயசுல வண்டி குடுப்பான்? அதான் உங்க வாயயே பாத்துக்கினு கீறேன்.

நிக்கிதே வெள்ள காரு, அது ஃபிரடியோடது. எதுத்த வூட்ல வாடகைக்கு கீறான். இருங்காட்டுக்கோட்டையில கார் செய்ற கம்பெனில குவாலிட்டி பாக்குறானாம். ஒரு பொட்டு கீறல் இருந்தாலும் வண்டிய வெளிய வுட மாட்டானாம். அப்பேர்ப்பட்டவன் வண்டியிலயே லைட்டு ஒடஞ்சா சும்மா இருப்பானா? குதி குதின்னு குதிச்சான். எவாஞ்சலின்னு அவன் பொண்டாட்டி, தங்கமான பொண்ணு, கிறிஸ்துமஸ்சுக்கு கேக்கு குடுக்கும்... அந்த பொண்ணும் நேத்துலருந்து என்ன பாத்தா ஜன்னல சாத்துது. சாத்தட்டும். கேக்கு இல்லன்னா செத்தா பூடுவோம்?

ஆங், எங்க வுட்டேன்... நேத்து ஆயுத பூஜ. காலையிலயே காரு கழுவி, மால போட்டு, பூசணிக்கா ஒடச்சி, எல்லாம் ஜோரா முடிஞ்சிது. சரி, படப்பை கோயில் வரைக்கும் ஒரு சுத்து போய்ட்டு வரலாம்னு ஏறி குந்துனோம். என் மடியில தாம்பாளம், பொரி, பழம், கற்பூரம். இவுரு ரிவர்சு போட்டாரு. போட்டா குருவி மாரி கத்தும் சார் இந்த வண்டி! படுத்துனு கீற நாயே எழுந்து ஓடிடும். இந்த ஃபிரடி இன்னா பண்ணிகினு இருந்தான்? எங்க வாசக் கேட்டுக்கு நேரா வண்டிய நிறுத்திட்டு போன நோண்டிகினு இருந்தான். மாடு கூட வழி வுடும் சார்!

கேட்டா, ஹாரன் அடிச்சேன்றான். அடிச்சிருப்பான். யாருக்கு கேட்டுச்சி? பூஜ நாளு அதுமா தெருவெல்லாம் ஸ்பீக்கரு.

இவுரும் லேசுப்பட்டவரு இல்ல. வெளியிலதான் அவருக்காவ நான் பேசறது. வூட்டுக்குள்ள நேத்துலருந்து நல்லா குடுத்துக்கினுதான் கீறேன். பின்ன? "ரத்னா, கொஞ்சம் எறங்கி பின்னாடி பாரு"ன்னாரு. மடியில தாம்பாளத்த வச்சிக்கினு நான் எப்டி எறங்குறது? "முன்னாடி பின்பக்கத்த காட்ற டிவி கீதுல்ல, அதுல பாத்து எடுய்யா, அதுக்குத்தான வச்சிகீறான்"னேன். "டிவில ஒண்ணியும் தெரியல, ஒரே மஞ்சளா கீது"ன்றாரு. மஞ்சளாவாம்! காமால கண்ணுக்கு கண்டதெல்லாம் மஞ்சள்னு சொல்லுவாங்களே, "உனுக்கு காமாலதான்யா, எடு, நல்ல நேரம் போவுது"ன்னு கத்துனேன். எடுத்தாரு. டமார்!

அதுலருந்து அந்த ஆளு ஒரு வாய் சோறு துண்ணல. உள்ள செவுத்த பாத்து படுத்துனு கீறாரு. "மெய்யாவே எனுக்கு கண்ணு போயிடுச்சா ரத்னா"ன்னு விடிகாலையில கேக்குறாரு சார். என் வாயி சும்மா இருக்குமா? "ஆமா, போயிடுச்சி"ன்னுட்டேன்.

சார்... சார், இன்னா பண்றீங்க? ஐய, அத்த தொடைக்காதீங்க! பூஜ பொட்டு சார் அது! நாந்தான் வச்சேன். நாலு சக்கரத்துக்கும் வச்சி, பானெட்டுக்கு வச்சி, பின்னாடி நம்பரு பிளேட்டுக்கும் வச்சிட்டு பாத்தா, அதுக்கு மேல குட்டியா, கருப்பா, உருண்டையா ஒண்ணு முழிச்சிகினு கீது. அச்சு அசலா கண்ணு மாரி! வண்டிக்கு திருஷ்டி படக் கூடாதுன்னு அதுக்கு மட்டும் மஞ்சள நல்லா கெட்டியா கொழச்சி, பெருசா அப்பி, நடுவுல குங்குமமும்...

இன்னாது?

கேமராவா? அது டிவிலயே இருக்கும்னுல்ல நெனச்சேன்...

...

மஞ்சள்னாரு சார். அந்த மனுசன் அப்பவே மஞ்சள்னு சொன்னாரு.

சார், நில்லுங்க, போவாதீங்க. தசரதனுக்கு இப்பவே போன போடுங்க. கோதண்டம் கண்ணு நல்லாத்தான் கீதுன்னு சொல்லுங்க. அவரு பொண்டாட்டி ரத்னாதான் கண்ண மூடிட்டான்னு பேரச் சொல்லியே சொல்லுங்க. ஃபிரடிகிட்ட நானே போறேன், கால்ல வேணாலும் வுழறேன். மொதல்ல இந்தாள எழுப்பணும்...

யோவ்! ஏங்க! காமால எனுக்குத்தான்யா. எழுந்து வந்து சோறு துண்ணு.