நுரை அடக்கும் மருந்து

பசுவுக்கு மருந்து புகட்டும்போது நாக்கை இழுத்துப் பிடிக்கக் கூடாது; புரையேறிவிடும். பதுளையில் இருபத்தாறு வருடமாகக் கால்நடை மருந்துக் கடை வைத்திருக்கிறேன். வருகிற எல்லோருக்கும் இதைச் சொல்லித்தான் அனுப்புவேன். ரெங்கம்மாவுக்கும் சொன்னேன்.

அவள் ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து வந்திருந்தாள். கொழுந்து பறிப்பவள். இருந்தது ஒரே பசு. அதன் பாலை விற்றுத்தான் மகள் ஜெயந்தினியை உயர்தரம் படிக்க வைத்தாள். ஈரப்புல்லை அளவுக்கு மீறித் தின்று பசுவின் இடப்பக்கம் ஊதிவிட்டதாம். முன்பென்றால், "தம்பையாண்ணே, என்ன குடுக்கலாம்?" என்று என்னைத்தான் கேட்பாள். அன்று கைபேசியை மேசைமேல் வைத்தாள். யாழ்ப்பாணத்திலிருந்து புதிதாக வந்திருந்த கால்நடை வைத்தியர் கேசினி அதில் பேசினார்.

"நுரை அடக்கிற மருந்தைக் குடுங்கோ ஐயா. உங்கட கைவைத்தியம் ஒண்டும் வேண்டாம்."

கடையில் நின்ற நாலு பேர் சிரித்தார்கள். ரெங்கம்மாவும் சிரித்தாள். "கேட்டுச்சாண்ணே? டாக்டரம்மா சொன்னத மட்டும் ஊத்துங்க."

என் கடையில் பெரிய கலனிலிருந்து ஊற்றித்தான் கொடுப்பேன். வெறும் போத்தலை அவர்களே கொண்டுவருவார்கள். அதில் மருந்தின் பெயரை ஒட்டுவதில்லை. நுரை அடக்கும் மருந்தும் வெள்ளைதான், கழிச்சலை நிறுத்தும் மருந்தும் வெள்ளைதான். ஊதிய வயிற்றிலிருந்து காற்று வெளியேற வேண்டும். கழிச்சல் மருந்து குடலின் அசைவையே அடக்கிவிடும். நான் அதைத்தான் ஊற்றினேன். அளவில் குறை வைக்கவில்லை. மருந்து காலாவதியானதும் அல்ல.

மறுநாள் பகலில் பசு செத்தது. லயத்துக்குப் போய்க் குழி வெட்ட நானும் கை கொடுத்தேன். "படிச்ச புள்ளதான். ஆனா மாட்டத் தொட்டுப் பாக்காம போன்ல வைத்தியம் பாத்தா இப்பிடித்தான் ஆகும்," என்று மட்டும் சொன்னேன். மற்றதை ஜனங்கள் பார்த்துக்கொண்டார்கள். டாக்டரின் ஸ்கூட்டரைப் பள்ளத்தில் தள்ளினார்கள். அவர் மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். ஜெயந்தினி படிப்பை விட்டுக் கார்மென்ட்ஸுக்குப் போகிறாள்.

போத்தலில் மிஞ்சியதைச் சோதித்துவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள். நான் மறுக்கவில்லை. ஆனால் சிரித்தார்கள் என்ற கோபத்தில் செய்ததாக வாக்குமூலத்தில் எழுதிவிடாதீர்கள். நான் நினைத்தது அந்த ஜனங்களின் நன்மையை. போனை நம்பி மாட்டைச் சாகக் கொடுக்கக் கூடாது என்று அவர்களுக்கு விளங்க வேண்டியிருந்தது.

ரெங்கம்மாவின் பசு மூன்றாவது. முதல் இரண்டு வீட்டுப் பசுக்கள் செத்தும் அவர்களுக்கு விளங்கவில்லை.