தலைகீழாக வாசிக்கும் பிள்ளை

பள்ளிக்கூடங்களில் ஆளுக்கொரு புத்தகம் சும்மா கொடுக்கத் தொடங்கிய வருடம். அப்புத்தளையிலிருந்து பதுளைக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் இருவர், நடுவில் ஏழு வயதுப் பெண்பிள்ளை. கேட்கக்கூடாதென்று ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தேன். காதை என்ன செய்வது?

"புத்தகத்தைத் தலைகீழா வச்சாத்தான் வாசிக்கிறா, மதினி. நேரா வச்சா ஒரு எழுத்தும் தெரியலங்கிறா," என்றாள் தாய்.

"காத்துக் கருப்பு அடிச்சிருக்கும். பூசாரிகிட்ட காட்டுனியா?"

"துண்ணூறு போட்டாச்சு. புது வாத்தியாரு, கேலி பண்றான்னு அடிச்சிட்டாரு. அப்புறம் அவரே பயந்துபோயி, பதுளை ஆஸ்பத்திரியில காட்டுங்கன்னாரு. பைத்தியம்னு சொல்லி அங்கொடை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிருவாங்களோ என்னவோ."

"கைய மட்டும் விட்றாத. உள்ள கூட்டிட்டுப் போனா நீயும் போயிரு."

தாய் பிள்ளையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "ஏன்டி இப்பிடிப் பண்ற? உள்ளதச் சொல்லு."

"போன வருசம் அஞ்சு பேருக்கு ஒரே புத்தகம்மா. பாயில விரிச்சு வச்சு சுத்தி உக்காருவோம். எனக்கு எப்பவும் எதிர்ப்பக்கந்தான் எடம். அங்கருந்து பாத்தா எழுத்து அப்பிடித்தான் இருக்கும்."

மதினி சிரித்துவிட்டாள். தாய் சிரிக்கவில்லை.

"இத வாத்தியார்கிட்ட சொல்லித் தொலைக்கிறதுதானே?"

"மறுபடியும் அடிப்பாரு. நீ வந்து சொல்லும்மா."

"நானா? வாத்தியார்கிட்டயா?"

"அப்ப எறங்கித் திரும்பிருவோமா?" என்றாள் மதினி.

"வேணாம் மதினி. டாக்டர் ஐயாகிட்டயே கெஞ்சி, பிள்ள எதிர்ப்பக்கம் உக்காந்திருந்துச்சுன்னு வாத்தியாருக்கு ஒரு துண்டுச் சீட்டு எழுதி வாங்கிக்குவோம்."